கடற்கரை எவ்வளவு நீளம்? இணையத்தில் புவியியல் தேடும் மாணவர்கள்

பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி, இந்தியக் கடற்கரையின் நீளம் எவ்வளவு என்று கூகுளில் தேடுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பக்கம் 7,516.6 கிலோமீட்டர் என்கிறது. இன்னொரு பக்கம் 11,098.81 கிலோமீட்டர் என்கிறது. இரண்டுமே அரசு சொன்ன கணக்குகள்தாம். முதலாவது 1970-களில் அளக்கப்பட்டு, பாடநூல்களிலும் போட்டித் தேர்வுக் கையேடுகளிலும் ஏறத்தாழ அரை நூற்றாண்டாக அச்சாகி வந்தது. இரண்டாவது, மத்திய உள்துறை அமைச்சகத்தின் 2023–24 ஆண்டறிக்கையில் வெளியானது. இரண்டுக்கும் இடையே 3,582 கிலோமீட்டர் வித்தியாசம். கன்னியாகுமரியிலிருந்து காஷ்மீர் வரை உள்ள நேர்கோட்டுத் தூரத்தைவிட இது அதிகம்.

இந்த இடத்தில் பெரும்பாலான மாணவர்கள் இரண்டில் ஒன்றைச் செய்வார்கள். முதலில் வந்த எண்ணை எழுதிக்கொள்வார்கள். அல்லது புதிதாக வந்ததுதான் சரி என்று அதை எழுதிக்கொள்வார்கள். ஏன் இரண்டு எண்கள் என்று கேட்பவர்கள் குறைவு. அந்தக் கேள்வியைக் கேட்டால் ஒரு மாதப் புவியியல் பாடம் அங்கேயே கிடைத்துவிடும்.

பழைய கணக்கு 1:45,00,000 அளவை கொண்ட வரைபடத்தில் எடுத்தது. அதில் 1 சென்டிமீட்டர் என்றால் தரையில் 45 கிலோமீட்டர். புதிய கணக்கு 1:2,50,000 அளவையில் எடுத்தது. அதில் 1 சென்டிமீட்டருக்குத் தரையில் இரண்டரை கிலோமீட்டர். பழைய படத்தில் நேர்கோடாகத் தெரிந்த கரை, புதிய படத்தில் கழிமுகமும் ஓடையும் மணல்திட்டுமாக நெளிகிறது. அளவுகோல் அந்த நெளிவுகளுக்குள் எல்லாம் நுழைந்து திரும்புவதால் நீளம் கூடுகிறது. கடல் புதிதாக எந்த நிலத்தையும் நமக்குத் தந்துவிடவில்லை.

மாநில வாரியாகப் பார்த்தால் செய்தி இன்னும் தெளிவாகும். மேற்கு வங்கத்தின் கடற்கரை 157.5 கிலோமீட்டரிலிருந்து 721 கிலோமீட்டராகியிருக்கிறது. சுந்தரவனத்தின் நீர்வழிகளை நினைத்துப்பார்த்தால் அதில் வியப்பில்லை. கட்ச் வளைகுடாவும் காம்பே வளைகுடாவும் குடைந்து உள்ளே வரும் குஜராத்தின் கடற்கரை 1,214.7-லிருந்து 2,340.6 ஆனது. நேராக ஓடும் கேரளக் கரையோ 569.7-லிருந்து 600 கிலோமீட்டருக்குத்தான் போயிருக்கிறது. புதுச்சேரியின் கணக்கு சற்றுக் குறைந்தேவிட்டது. தமிழ்நாட்டுக்கு 906.9 என்று இருந்தது 1,068.69 ஆயிற்று, ஆந்திரத்தின் 973.7, 1,053.07 ஆனது. இந்தியாவில் நீளமான கடற்கரை கொண்ட இரண்டாவது மாநிலம் எது என்ற தேர்வுக் கேள்விக்கு இதுவரை ஆந்திரம் விடை, இனித் தமிழ்நாடு. எந்த மாநிலத்தின் கணக்கு எவ்வளவு மாறியது என்ற பட்டியலை மட்டும் கையில் வைத்துக்கொண்டே, எந்தக் கரை நேரானது, எது குடைவானது, எங்கே ஆறுகள் கிளை பிரிந்து கடலில் சேர்கின்றன என்று ஒரு வகுப்பே பேசலாம்.

ஆங்கிலேய அறிவியலாளர் லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்சன் இதே சிக்கலை எல்லைக்கோடுகளில் கண்டார். ஸ்பெயினுக்கும் போர்ச்சுகலுக்கும் இடையிலான எல்லையை ஒரு நாடு 987 கிலோமீட்டர் என்றும் மற்றது 1,214 கிலோமீட்டர் என்றும் பதிவுசெய்திருந்தன. அவர் மறைந்தபின் வெளிவந்த அந்தக் குறிப்புகளை வைத்துக்கொண்டுதான் பெனுவா மாண்டல்பிராட் 1967-ல் பிரிட்டனின் கடற்கரை நீளம் பற்றிய புகழ்பெற்ற கட்டுரையை எழுதினார். பின்னக வடிவியல் என்ற துறையின் ஊற்றுக்கண்களில் அது ஒன்று.

இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. புவியியலில் ஓர் எண் தனியாக வருவதில்லை. யார் அளந்தார்கள், எந்த ஆண்டில், எந்த அளவையில், எதற்காக என்ற நான்கும் அதனுடன் சேர்ந்தே வருகின்றன. இணையத் தேடல் இந்த நான்கையும் உதிர்த்துவிட்டு எண்ணை மட்டும் பெரிய எழுத்தில் திரையின் உச்சியில் வைக்கிறது. மாணவர்களின் புவியியல் தேடல் தடுமாறும் முதல் இடம் இதுதான் என்பது என் கருத்து.

தேடும் பழக்கம்

மாணவர்கள் இணையத்தில் எப்படித் தேடுகிறார்கள் என்பதைக் கவனித்துப் பார்த்த ஆய்வுகள் இருக்கின்றன. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் நடந்து 2007-ல் வெளியான ஆய்வில், கல்லூரி மாணவர்களின் கண்ணசைவுகளைக் கருவி வைத்துப் பதிவுசெய்தார்கள். தேடல் முடிவுகளின் வரிசையை அவர்களுக்குத் தெரியாமல் மாற்றி, பொருத்தம் குறைந்ததை மேலே வைத்தபோதும் பலர் மேலே இருந்ததையே சொடுக்கினார்கள். கூகுள் மேலே வைத்திருக்கிறது, ஆகவே அதுதான் சிறந்தது என்ற நம்பிக்கை அவர்களிடம் இருந்தது.

ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் சாம் வைன்பர்க் தலைமையில் இயங்கிய குழுவின் ஆய்வுகள் நம் பொருளுக்கு இன்னும் நெருக்கமானவை. 2016-ல் வெளியான அவர்களுடைய அறிக்கையில் ஒரு சோதனை வருகிறது. உருக்குலைந்த டெய்சிப் பூக்களின் படம் ஒன்றை உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடம் காட்டினார்கள். ஜப்பானின் ஃபுகுஷிமா அணுமின் நிலைய விபத்தால் பூக்கள் இப்படி ஆகிவிட்டன என்பது படத்தோடு வந்த செய்தி. அந்த நிலையத்தின் அருகே உள்ள சூழலுக்கு இது வலுவான சான்றா என்று கேட்டார்கள். ஏறத்தாழ 40 விழுக்காட்டினர் ஆம் என்றார்கள்; கண்ணெதிரே படம் இருக்கிறதே என்பது அவர்களின் காரணம். கால்வாசிப் பேர் போதாது என்றார்கள். பூக்களை மட்டும் காட்டியிருக்கிறார்கள், விலங்குகளையும் மற்றச் செடிகளையும் காட்டவில்லை என்பது அவர்களின் காரணம். படத்தை எடுத்தவர் யார், அது ஃபுகுஷிமாவில்தான் எடுக்கப்பட்டதா என்று கேட்டவர்கள் 20 விழுக்காட்டுக்கும் குறைவு. இடம்தான் புவியியலின் முதல் கேள்வி. ஒரு படத்தின் முன்னால் அந்தக் கேள்வியே எழவில்லை என்பது எனக்குக் கவலையாக இருக்கிறது.

2019-ல் அதே குழு 3,446 மாணவர்களை வைத்து நாடளாவிய ஆய்வு ஒன்றை நடத்தியது. பருவநிலை மாற்றம் பற்றிய ஓர் இணையதளத்தை மதிப்பிடச் சொன்னார்கள். அந்தத் தளத்துக்குப் புதைபடிவ எரிபொருள் தொழிலோடு தொடர்பு உண்டு. வேறு இரண்டு பக்கங்களைத் திறந்து பார்த்தால் அது தெரிந்துவிடும். 96 விழுக்காட்டினர் அந்தத் தொடர்பு தளத்தின் நம்பகத்தன்மையை எப்படிப் பாதிக்கும் என்று யோசிக்கவில்லை. தளத்தின் தோற்றம், முகவரியின் கடைசி எழுத்துகள், ‘எங்களைப் பற்றி’ என்ற பகுதியில் அவர்களே எழுதிக்கொண்டது ஆகியவற்றை வைத்தே முடிவுசெய்தார்கள்.

வைன்பர்க்கும் சாரா மெக்ரூவும் சேர்ந்து செய்த இன்னோர் ஆய்வில் 45 பேர் பங்கெடுத்தார்கள்: முனைவர் பட்டம் பெற்ற வரலாற்று அறிஞர்கள் 10, தொழில்முறை உண்மை சரிபார்ப்பவர்கள் 10, ஸ்டான்ஃபோர்ட் இளநிலை மாணவர்கள் 25. அறிஞர்களும் மாணவர்களும் ஒரு பக்கத்துக்கு வந்தால் அதிலேயே நின்று மேலிருந்து கீழாக வாசித்தார்கள். பலர் ஏமாந்தும் போனார்கள். சரிபார்ப்பவர்களோ சில நொடிகளிலேயே அந்தப் பக்கத்தை விட்டு வெளியேறி, அடுத்தடுத்த தாவல்களில் அந்த அமைப்பைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்த்தார்கள். பக்கவாட்டு வாசிப்பு என்று இந்த முறைக்குப் பெயர் வைத்தார்கள். இன்று பல நாடுகளின் ஊடகக் கல்வியில் இது பாடமாகிவிட்டது.

பக்கவாட்டு வாசிப்பை நம் பள்ளிகளிலும் கற்றுக்கொடுக்க வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் புவியியலுக்கு அது பாதி வழிதான் வரும். யாரை நம்புவது என்ற கேள்விக்கு அது விடை சொல்லும். கடற்கரைக் கணக்கில் பொய் சொன்னவர் யாரும் இல்லையே! இரண்டு கணக்கும் நேர்மையானவை. எதை, எப்படி அளந்தார்கள் என்ற இரண்டாவது கேள்வியைக் கேட்கும் பழக்கம் தனியாக வளர வேண்டும்.

கடலடியில் ஒரு தேடல்

தமிழ் மாணவர்களுக்கே உரிய ஒரு தேடல் உண்டு. இந்தியப் பெருங்கடலைப் பற்றித் தமிழில் எதைத் தேடினாலும் சில சொடுக்குகளில் குமரிக்கண்டம் வந்துவிடும். மடகாஸ்கரிலிருந்து ஆஸ்திரேலியா வரை பரந்த நிலப்பரப்பு, அதில் மலைகள், ஆறுகள், நாடுகளின் எல்லைகள் என்று வண்ண வரைபடங்களும் இருக்கும். பத்து யூடியூப் காணொளிகள் ஒரே படத்தைக் காட்டும்போது, பத்துப் பேர் சாட்சி சொல்வதாக மாணவருக்குத் தோன்றுகிறது. ஒரே படம் பத்து முறை நகலெடுக்கப்பட்டிருக்கிறது என்பது திரையில் தெரியாது.

இந்தப் பொருளைக் கிண்டல் செய்து ஒதுக்குவது ஆசிரியரின் வேலை ஆகாது. இதைவிடச் செறிவான புவியியல் தேடல் ஒரு தமிழ்ப் பிள்ளைக்குக் கிடைப்பது அரிது. ஆண்டுகளை வரிசையாக அடுக்கச் சொன்னால் போதும். 1864-ல் பிலிப் ஸ்கிளேட்டர் என்ற ஆங்கிலேய விலங்கியலாளர், மடகாஸ்கரின் லெமூர்களையும் அவற்றின் இந்திய உறவுகளையும் விளக்க முயன்று, இடையே ஒரு நிலம் இருந்திருக்க வேண்டும் என்று ஊகித்து அதற்கு லெமூரியா என்று பெயரிட்டார். அன்று கண்டங்கள் நகரும் என்ற எண்ணம் அறிவியலில் இல்லை. ஆகவே அந்த ஊகம் அறிவுக்குப் பொருத்தமானதே. 1912-ல் ஆல்ஃபிரட் வெகனர் கண்ட நகர்வைச் சொன்னார். 1960-களில் தட்டுப் புவியோட்டக் கோட்பாடு நிலைபெற்றது. இந்தியாவும் மடகாஸ்கரும் ஒன்றாக ஒட்டியிருந்து ஏறத்தாழ 8.8 கோடி ஆண்டுகளுக்கு முன் பிரிந்தன என்று தெரிந்ததும், இடையில் மூழ்கிய கண்டம் ஒன்று தேவைப்படாமல் போயிற்று. நம் மனித இனத்தின் வயதோ ஏறத்தாழ 3 லட்சம் ஆண்டுகள்தான்.

இதற்குப் பிறகும் பண்டை இலக்கியங்களிலும் உரைகளிலும் வரும் கடல்கோள் செய்திகள் எஞ்சியிருக்கின்றன. அவற்றை என்ன செய்வது என்று மாணவர் கேட்பார், கேட்க வேண்டும். சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், கடைசிப் பனியுகத்தின் உச்சத்தில், கடல்மட்டம் இன்றைவிட ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. பாக் விரிகுடாவின் பெரும்பகுதி 15 மீட்டர் ஆழத்தைத் தாண்டாது. அன்று தமிழகமும் ஈழமும் ஒரே நிலமாக இருந்தன. கன்னியாகுமரிக்குத் தெற்கே மீனவர்கள் நன்கறிந்த வெட்ஜ் பேங்க் என்ற மீன்வளத் திட்டும் கண்டத்திட்டின் பகுதிதான். ஆகவே நிலம் கடலுக்குள் போனது உண்மை. ஒரு கண்டம் போகவில்லை. நிலவியல் அறிஞர் சு. கி. ஜெயகரன் ‘குமரி நில நீட்சி’ என்ற நூலில் இதைத் தமிழிலேயே விரிவாக எழுதியிருக்கிறார். காணொளிகளுக்கு நடுவே அந்த நூலின் பெயர் ஒரு மாணவரின் கண்ணில் பட்டால் அது பெரிய பேறு.

இனி மாணவரே கூகுள் எர்த்தைத் திறந்து குமரிமுனைக்குத் தெற்கே கடலடியைப் பார்க்கலாம். கண்டத்திட்டு எங்கே முடிகிறது, அதன்பின் ஆழம் எப்படி ஆயிரம் மீட்டருக்கும் கீழே சரிகிறது என்பது தெரியும். 2013-லும் 2017-லும் மொரீஷியஸ் தீவில் கிடைத்த பழைய சிர்க்கான் படிகங்களை வைத்து, ‘இந்தியப் பெருங்கடலில் தொலைந்த கண்டம்’ என்று உலகெங்கும் செய்தி வந்தது. அதைக் குமரிக்கண்டத்துக்குச் சான்றாகப் பலர் பகிர்ந்தார்கள். அளவுகோல் கருவியால் குமரியிலிருந்து மொரீஷியஸ் வரை கோடிழுத்தால் 3,500 கிலோமீட்டருக்கு மேல் காட்டும். அந்தச் சிறுகண்டம் சிதறியது மனிதர் தோன்றுவதற்குப் பல கோடி ஆண்டுகளுக்கு முன்பு. தூரம், காலம் என்ற இரண்டைச் சரிபார்த்தாலே செய்திக்கும் கதைக்கும் உள்ள இடைவெளி விளங்கிவிடும்.

ஆனால் கூகுள் எர்த்தில் தெரியும் கடலடியையும் அப்படியே கண்ணால் கண்டதாகக் கொள்ளக்கூடாது. 2009 பிப்ரவரியில், அதில் கடலடி சேர்க்கப்பட்ட சில நாட்களிலேயே, கேனரி தீவுகளுக்கு அருகே தெருக்களைப் போன்ற கோடுகளைக் கண்டவர்கள் அட்லாண்டிஸ் நகரம் அகப்பட்டுவிட்டது என்றார்கள். எதிரொலிக் கருவியோடு கப்பல்கள் அளந்துகொண்டு சென்ற தடங்கள்தாம் அந்தக் கோடுகள் என்று கூகுள் விளக்க வேண்டியிருந்தது. கப்பல் போன இடத்தில் அளவு நுட்பமாக இருக்கும். போகாத இடத்தில் செயற்கைக்கோள் வழியாகக் கடற்பரப்பின் மேடுபள்ளத்தை அளந்து, அதிலிருந்து கடலடியை மதிப்பிட்டு நிரப்பியிருப்பார்கள். உலகக் கடலடியில் இதுவரை நேரடியாக அளக்கப்பட்டது கால் பங்கைச் சற்றுத் தாண்டிய அளவே. இதைத் தெரிந்துகொண்ட மாணவருக்கு வரைபடம் என்பது உலகின் புகைப்படம் என்ற எண்ணம் நீங்கிவிடும்.

கூகுள் மேப்ஸும் அப்படியே. தட்டையாக விரியும் இணைய வரைபடங்கள் 1569-ல் மெர்க்கேட்டர் வகுத்த முறையின் வழித்தோன்றல்கள். கிரீன்லாந்தும் ஆப்பிரிக்காவும் அவற்றில் ஒரே அளவில் தெரியும்; உண்மையில் ஆப்பிரிக்கா 14 மடங்கு பெரியது. காஷ்மீரின் எல்லைக்கோடு இந்தியாவில் இருந்து பார்ப்பவருக்கு ஒருவிதமாகவும் வெளிநாட்டில் இருந்து பார்ப்பவருக்கு வேறுவிதமாகவும் தெரியும்.

ஒரு வெள்ளம், பல காரணங்கள்

எண்ணும் வரைபடமும் ஒருபுறம் இருக்க, ‘ஏன்’ என்று தொடங்கும் கேள்விகளில்தான் இணையம் மாணவரை அதிகம் கைவிடுகிறது. 2015 டிசம்பரில் சென்னை ஏன் மூழ்கியது? பள்ளி ப்ராஜெக்டுகளில் அடிக்கடி வரும் தலைப்பு இது. தேடினால் ஒரு பக்கம் எல் நினோ என்கிறது. இன்னொன்று செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்தது என்கிறது. மூன்றாவது ஆக்கிரமிப்பு, நான்காவது பருவநிலை மாற்றம். மாணவர் நான்கையும் நான்கு புள்ளிகளாக அடுக்கி, படம் ஒட்டி, மதிப்பெண் வாங்கிவிடுகிறார். நான்குக்கும் இடையே என்ன உறவு, எது எவ்வளவு பெரியது என்று யாரும் கேட்பதில்லை.

கேட்டால் தேடலின் தன்மையே மாறும். முதலில் மழையின் அளவு. டிசம்பர் 1 காலை தொடங்கி 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் பெய்தது. தமிழகம் முழுவதும் வடகிழக்குப் பருவம் மூன்று மாதங்களில் தரும் சராசரி மழை ஏறத்தாழ 44 சென்டிமீட்டர். ஒரு பருவ மழையைவிட அதிகம் ஒரே நாளில், அதுவும் நவம்பர் மழையில் நிலமும் ஏரிகளும் ஏற்கெனவே நிரம்பியிருந்த நிலையில் விழுந்தது. அடுத்து நீரின் வழி. செம்பரம்பாக்கத்திலிருந்து நொடிக்கு 29,000 கன அடி வரை நீரைத் திறந்தார்கள். இந்திய தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை அந்த மேலாண்மையைக் கடுமையாகக் குறைகூறியது. அடையாற்றில் செம்பரம்பாக்கத்தின் நீர் மட்டும் வரவில்லை என்பதையும் பார்க்க வேண்டும். அந்த ஆற்றுப்படுகையின் மற்ற ஏரிகளும் கலங்கல் வழியே வழிந்துகொண்டிருந்தன. மூன்றாவது, நீர் தங்குமிடம். ஒருகாலத்தில் தென்சென்னையின் பெரும்பரப்பில் விரிந்திருந்த பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில், 2022-ல் ராம்சார் தகுதி பெற்ற பகுதி 1,247.5 ஹெக்டேர்தான்.

பருவநிலை மாற்றம் பற்றி மாணவர்கள் எதிர்பாராத ஒரு செய்தி உண்டு. இந்த மழையைக் குறிப்பாக ஆராய்ந்து 2016-ல் வெளியான பன்னாட்டு ஆய்வு, மனிதரால் ஏற்பட்ட வெப்பமாதலின் தடயத்தை இந்த நிகழ்வில் கண்டறிய முடியவில்லை என்று சொன்னது. அந்த ஆண்டின் வலுவான எல் நினோ ஓரளவு வாய்ப்பைக் கூட்டியிருக்கலாம் என்றது. உலகம் சூடாகவில்லை என்பது இதன் பொருள் இல்லை. ஒரு பெரும்போக்கு உண்மையாக இருக்கலாம். ஒரு குறிப்பிட்ட நாளின் மழையில் அதன் பங்கைக் காட்டத் தனிச் சான்று வேண்டும். இந்த நுட்பத்தை ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை புரிந்துகொள்ள முடியும். புரிந்துகொள்ளும்படி நாம் கேள்வி கேட்பதில்லை என்பதே குறை. நான்கு ஆண்டுகள் கழித்து 2019 கோடையில் அதே சென்னையின் குடிநீர் ஏரிகள் வறண்டன. 2015-ஐயும் 2019-ஐயும் சேர்த்து ஒரே கேள்வியாகக் கொடுத்தால், முன்பே எழுதிவைத்த எந்தப் பக்கத்தையும் நகலெடுத்து விடை எழுத இயலாது.

கையில் உள்ள கருவிகள்

இருபது ஆண்டுகளுக்கு முன் பல்கலைக்கழக ஆய்வாளருக்கே எட்டாத தரவுகள் இன்று பள்ளிப் பிள்ளைக்கு இலவசம். 1972-லிருந்து பூமியைப் படமெடுத்துவரும் லேண்ட்சாட் செயற்கைக்கோள்களின் படங்கள் அனைத்தும் 2008-ல் கட்டணமின்றித் திறந்துவிடப்பட்டன. ஐரோப்பாவின் சென்டினல்-2, தரையின் 10 மீட்டர் அளவு வரை காட்டுகிறது. இஸ்ரோவின் புவன் தளம் 2009 முதல் இருக்கிறது. மத்திய அரசின் நீர்வளத் தகவல் தளத்தில் மழை, அணை இருப்பு, நிலத்தடி நீர் மட்டம் எல்லாம் கிடைக்கும். ஐரோப்பிய ஆணையத்தின் ஆய்வு மையம் 2016-ல் வெளியிட்ட உலக மேற்பரப்பு நீர் வரைபடம், முப்பது லட்சம் லேண்ட்சாட் படங்களிலிருந்து 1984 முதல் ஒவ்வோர் இடத்திலும் நீர் எத்தனை காலம் நின்றது என்று காட்டுகிறது. உங்கள் ஊர் ஏரி எப்போதெல்லாம் நிறைந்தது என்று அதில் பார்க்கலாம்.

அந்த வரைபடத்துக்கும் குருட்டுப்புள்ளிகள் உண்டு. அதன் ஒரு புள்ளி தரையில் 30 மீட்டர். ஒடுங்கிய வாய்க்கால் அதற்குத் தெரியாது. ஆகாயத்தாமரை மூடிய குளம் நீராகத் தெரியாமல் பச்சை நிலமாகத் தெரியும். நம் ஏரிகள் நிறையும் அக்டோபர், நவம்பரில்தான் வானம் மேகமூட்டமாக இருக்கும். மேகத்துக்குக் கீழே இருப்பதை இந்தச் செயற்கைக்கோள்களால் பார்க்க முடியாது. ஆகவே திரையில் வறண்டதாகக் காட்டிய ஆண்டில் மறுகால் பாய்ந்ததா என்று ஊரில் நீர்பாய்ச்சிய பெரியவரிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். செயற்கைக்கோள் சொல்வதும் அந்தத் தாத்தா சொல்வதும் பொருந்தவில்லை என்றால் ஆய்வு அங்கே தொடங்குகிறது.

இவ்வளவு இருந்தும் பிள்ளைகள் கையில் இவை சேராததற்கு நடைமுறைக் காரணங்கள் உள்ளன. பல வீடுகளில் ஒரே கைப்பேசி. அதுவும் அப்பா வேலையிலிருந்து வந்த பிறகு. புவன் போன்ற தளங்களைச் சிறிய திரையில் கையாள்வது கடினம். தரவுத் தளங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் இருக்கின்றன. தமிழ் விக்கிப்பீடியாவில் 1.5 லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள் சேர்ந்திருப்பது தன்னார்வலர்களின் பெரும் உழைப்பு. ஆனால் ஆங்கில விக்கிப்பீடியாவில் ஏறத்தாழ 70 லட்சம். தமிழ்வழியில் படிக்கும் பிள்ளைக்கு முதல் பக்கத்தில் கிடைப்பது தேர்வுக் குறிப்புகளும் காணொளிகளும்தான். தமிழ்நாட்டுச் சமூக அறிவியல் பாடநூல்களில் பாடத்தின் முடிவில் ‘இணையச் செயல்பாடு’ என்று ஒரு பகுதி, விரைவுக் குறியீட்டோடு வருகிறது. நல்ல முயற்சி, எனக்கு அதில் மதிப்பு உண்டு. ஆனால் அதில் பெரும்பாலும் எங்கே சொடுக்க வேண்டும் என்ற படிகள் இருக்கும். எதைக் கண்டுபிடிக்க வேண்டும் என்ற கேள்வி இருக்காது. ஹைடெக் லேப் உள்ள பள்ளிகளில் வாரம் ஒரு பாடவேளையைப் புவியியலுக்கு ஒதுக்கினாலே நிலைமை மாறத் தொடங்கும்.

செயற்கை நுண்ணறிவு உரையாடிகள் வந்தபின் சிக்கல் புதிய வடிவம் எடுத்திருக்கிறது. முன்பு பிரவுசிங் சென்டரில் அண்ணன் ஒருவர் தேடி, கலர் பிரிண்ட் எடுத்துக் கொடுத்த ப்ராஜெக்ட், இப்போது சாட்ஜிபிடியிடமிருந்து நேர்த்தியான தமிழில் வருகிறது. தேடல் பக்கத்திலாவது பத்து முடிவுகள் முரண்பட்டு நிற்கும். முரண்பாடு கண்ணில் படும். உரையாடி அந்த முரண்பாடுகளை எல்லாம் மழுங்கடித்து ஒரே குரலில் பேசுகிறது. இல்லாத நூலையும் ஆய்வையும் ஆதாரமாகச் சொல்லிவிடும் குறையும் அதற்கு உண்டு. அதைத் தடைசெய்வது நடக்காது. ஒரு புள்ளிவிவரத்தைக் கேட்டதும், இது எந்த ஆண்டு, எந்த அளவை, யார் அளந்தது என்று அடுத்து கேட்கவும், அது சொன்னதை மூலத் தளத்தில் போய்ப் பார்க்கவும் பிள்ளைகளைப் பழக்கலாம்.

எப்படி மதிப்பெண் கொடுக்கிறோமோ அப்படித்தான் பிள்ளைகள் தேடுவார்கள். அட்டையின் அழகுக்கும் பக்க எண்ணிக்கைக்கும் மதிப்பெண் கொடுத்தால் அழகான அட்டையும் நிறையப் பக்கங்களும் கிடைக்கும். இரண்டு பக்கங்கள் வேறு வேறு எண்களைச் சொன்னதைக் கண்டுபிடித்து, ஏன் என்று ஐந்து வரி எழுதிய பிள்ளைக்கு இன்றைய முறையில் தனி மதிப்பெண் இல்லை. குழப்பமாக எழுதியிருக்கிறாய் என்று குறைக்கவும் வாய்ப்புண்டு. முதலில் திருத்த வேண்டியது இதையே.

தமிழ்நாட்டில் ஏறத்தாழ 40,000 ஏரிகளும் கண்மாய்களும் குளங்களும் இருக்கின்றன. எந்தப் பள்ளியிலிருந்து நடந்தாலும் ஒன்று அருகில் இருக்கும். புவியியல் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள்: இந்த ஆண்டு ஒரு ப்ராஜெக்டையாவது அந்த ஏரியைப் பற்றிக் கொடுங்கள். அதன் பரப்பு வருவாய்த்துறைக் கணக்கில் எவ்வளவு, செயற்கைக்கோள் படத்தில் எவ்வளவு, ஊரார் சொல்வது எவ்வளவு என்று மூன்றையும் எழுதச் சொல்லுங்கள். மூன்றும் பெரும்பாலும் ஒத்துப்போகாது. ஏன் ஒத்துப்போகவில்லை என்று விளக்கும் பகுதிக்குப் பாதி மதிப்பெண்ணை ஒதுக்குங்கள்.